கல்லுக்காட்டு வளைவில் எழும் கை

"இந்தக் கை எனக்கு வேண்டாம் மேடம். எடுத்துருங்க" என்று சொல்லி ரஹ்மத் நிஷா தன் வலது கையை என் மேசைமேல் வைத்தாள். பழுதான மிக்ஸியைக் கடையில் திருப்பித் தர வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

கையில் ஒரு குறையும் இல்லை. மடித்துவிட்ட காக்கிச் சட்டை, மணிக்கட்டில் ஒரு கறுப்பு வாட்ச். அவள் எடுக்கச் சொன்னது அந்தக் கையை அல்ல, அதற்குள் நாங்கள் ஏற்றியிருந்த கையை.

எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய காலத்து ஆள் நான். இப்போது யாரும் எட்டுப் போடுவதில்லை. மாவட்டத்திலேயே நன்றாக ஓட்டுகிற ஒருவரைப் பிடித்து, தலையிலும் தோளிலும் கருவிகளை ஒட்டி, எல்லாச் சாலைகளிலும் ஓட்டவிடுகிறோம். அவருடைய கையும் காலும் யோசிக்காமல் செய்வதெல்லாம் பதிவாகிவிடும். கற்றுக்கொள்ள வருகிறவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டால் போதும். எழுந்து போகும்போது அவருக்குக் கிளட்ச் தெரியும், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கத் தெரியும், எதிரே வருகிற பஸ் ஒதுங்குமா ஒதுங்காதா என்பதுகூடத் தெரியும். ஊரில் இதைக் 'கை ஏத்திக்கிறது' என்பார்கள். ஏற்றிய கை சரியாக உட்காராமல் அவதிப்படுகிறவர்களுக்குச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. பதவியின் பெயர் திருத்துநர். பாதி நேரம் செய்வது பஞ்சாயத்து.

நாமக்கல் பக்கத்தில் நாங்கள் ஏற்றுவது சென்னியப்பன் கை. கல்யாணமான நாளிலிருந்து லாரி ஓட்டியவர். இத்தனை கோழிப்பண்ணைகள் இருக்கிற ஊரில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காதவர்.

"என்னம்மா செய்யுது கை?"

"கல்லுக்காட்டு வளைவுல எந்திரிக்குது மேடம். நெஞ்சைத் தொட்டுட்டு உதட்டுக்குப் போகுது."

"அது எல்லாருக்கும் எந்திரிக்கிறதுதானே?"

"எல்லாரும் கும்புடலாம். நான் கும்புடலாமா?"

அந்தக் கையின் கதை எனக்குத் தெரியும். பதிவு நடந்தபோதே, அந்த வளைவில் மட்டும் சென்னியப்பன் கை ஸ்டியரிங்கை விட்டு எழுவதைப் பார்த்தோம். "சாமி கும்பிடுறார், அதுல நம்ம கை வைக்க வேண்டாம்" என்றார் எங்கள் அதிகாரி. கும்பிடுகிற ஆளிடம் எந்தச் சாமி என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அங்கே அப்போது கோயிலே கிடையாது. ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்திருப்பார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஆயிரக்கணக்கான பேர் அந்தக் கையை ஏற்றிக்கொண்டார்கள். அத்தனை பேரும் ஒரே வளைவில் நெஞ்சைத் தொட்டு உதட்டில் வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் காலையில் அங்கே மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. சுயம்பு என்றார்கள். தகரக் கொட்டகை வந்தது, மணி வந்தது, உண்டியல் வந்தது, 'வளைவு முனியப்பன்' என்று பெயரும் வந்தது. சென்னியப்பனுக்கு மாலை போட்டுக் கோயில் கமிட்டித் தலைவராக்கினார்கள். கோயில் வந்த பிறகு அந்த வளைவில் யாரும் அடிபட்டுச் சாகவில்லை. கமிட்டி அதை முனியப்பன் கணக்கில் எழுதியது, எங்கள் பயிற்சி நிலையம் தன் கணக்கில் எழுதியது.

"முன்னாடி பரவாயில்ல மேடம். வெறும் ரோடு, வெறும் கை. யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள் ரஹ்மத். "இப்ப இதைப் பாருங்க."

போனைக் காட்டினாள். வளைவில் கட்டிய பெரிய பேனர் ஒன்றின் படம். அதில் அவள் ஓட்டுகிற பள்ளி வேனின் கண்ணாடி வழியாக எடுத்த அவள் முகம். முக்காடு போட்ட தலை, உதட்டில் கை. கீழே, 'மதம் கடந்த மகிமை!' என்று கொட்டை எழுத்து.

"கேக்காமலேயே போட்டுட்டாங்க. மாமி, அதான் என் மாமியார், மூணு நாளா எங்கூடப் பேசல. ஜமாத்துல இருந்து ரெண்டு பேர் வந்து தன்மையாத்தான் கேட்டாங்க, ஆனா கேட்டாங்க. என்னைக் கட்டின மச்சான் துபாய்ல இருந்து வேனை விட்டுருன்னு சொல்றாரு." அவள் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு மேடம். வீட்டுல நான் எங்க உக்காந்தாலும் எந்திரிக்கச் சொல்ல ஒரு ஆள் இருக்கு. டிரைவர் சீட்டுல இருந்து மட்டும் யாரும் எந்திரிக்கச் சொன்னதில்ல. இப்ப அதுக்கும் வந்திருச்சு."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, அந்தப் பேனர்மேல் எரிச்சல் வந்தது. இரண்டில் எரிச்சல்தான் அதிகம் என்பதால் உடனே அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒருவருக்கு ஏற்றிய கையிலிருந்து ஒரு பழக்கத்தை நீக்க, கை கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும் என்பது விதி.

சென்னியப்பன் வீட்டில் அவர் மனைவி பாவாயி மோர் கொடுத்தார். சென்னியப்பன் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பார்வையைச் சுவரில் இருந்த காலண்டருக்கு மாற்றிக்கொண்டார்.

"அது சாமி விசயமுங்க. என்ர கையில என்ன இருக்குதுங்க?"

அவர் கையில் இல்லைதான். மாவட்டம் முழுக்க மற்றவர்கள் கையில் அல்லவா இருந்தது.

"அய்யா, ஒரே ஒரு தடவை எங்கூட வண்டியில வாங்க" என்றாள் ரஹ்மத். "நான் படுற பாட்டைக் கண்ணால பாருங்க. அப்புறமும் எடுக்க வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் கேக்கல."

"இப்ப வெயிலுங்க..."

"போயிட்டுத்தான் வாங்களேன். புள்ள கேக்குதில்ல" என்றார் பாவாயி, சமையலறையிலிருந்தே. சென்னியப்பன் செருப்பை மாட்டினார்.

ரஹ்மத் ஓட்டினாள். அவர் பக்கத்து சீட்டில், நான் பின்னால். கல்லுக்காட்டுக்கு முன்னால் நீளமான ஏற்றம் ஒன்று வரும். அது முடிகிற இடத்தில் ரோடு இடப்பக்கம் வளையும். வளைவுக்கு அந்தப்பக்கம் ஊர், இந்தப்பக்கம் காடு தோட்டம். ரோட்டை அகலப்படுத்தியவர்கள் ஊரையும் தோட்டத்தையும் இரண்டாகப் பிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜனங்கள் குறுக்கே நடந்துதான் ஆக வேண்டும்.

ஏற்றம் முடிந்தது. ரஹ்மத்தின் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டது. இடது கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. வலது கை எழுந்தது. பக்கத்து சீட்டில் சென்னியப்பனின் வலது கையும் அதே நொடியில் எழுந்தது. அவர் முன்னால் ஸ்டியரிங்கே இல்லை, ஆனாலும் எழுந்தது. இரண்டு கைகளும் நெஞ்சின் இடப்பக்கம் தொட்டன, இரண்டும் உதட்டுக்குப் போயின.

எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அந்த விரல்களைப் பார்க்காமல் இருந்திருந்தால். சாமி கும்பிட்டு உதட்டில் வைக்கிறவர்களின் விரல் நுனிகள் ஒன்றாகக் குவிந்திருக்கும். இவர்கள் இருவருக்கும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சற்றே பிரிந்து, நடுவில் எதையோ பிடித்திருந்தன. இருவர் கன்னமும் லேசாக உள்ளே ஒட்டி மீண்டது. இத்தனை வருஷம் இதைக் கும்பிடு என்று நம்பிக்கொண்டு சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

"அய்யா, நீங்க பீடி குடிப்பீங்களா?"

ரஹ்மத் இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் கட்டினாள். அதிர்ச்சியிலும் இண்டிகேட்டர் போடுவது சென்னியப்பன் கைதான்.

"மெதுவாப் பேசுங்க" என்றார் அவர். வண்டியில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"சொல்லுங்கய்யா."

"விட்டு வருசக்கணக்காச்சுங்க. வண்டி ஓட்டுறப்ப ஒரே ஒரு பீடிதானுங்க, இந்த ஏத்தம் ஏறி முடிச்சதும். லோடோட இதை ஏறி முடிக்கிறது லேசுப்பட்ட காரியமில்லீங்க. முடிஞ்சதும் பாக்கெட்டுல இருந்து எடுத்து வாயில வெப்பேன், கிளீனர் குச்சி கிழிச்சுப் பத்தவெப்பான். வேகமாப் போனா காத்துல நெருப்பு அணைஞ்சு போயிருமுங்க. அதுக்குத்தான் மெதுவாப் போறது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பதிவு பண்றப்ப ஒரு கெட்ட பழக்கமும் இருக்கக் கூடாதுன்னாங்க. இல்லீன்னு சொன்னனுங்க. நெசந்தானுங்களே. வாயி விட்டுருச்சு. கைதான் விடல."

"கோயில் கட்டுறப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் போனேன். அதுக்குள்ள மாலையைப் போட்டுட்டாங்க. மாலையைப் போட்டுக்கிட்டு நின்னு எப்படிங்க பீடின்னு சொல்றது?" குரல் இன்னும் இறங்கியது. "பாவாயிக்குத் தெரிஞ்சா தீந்துதுங்க. பெரிய புள்ள பொறந்தப்ப விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

ரஹ்மத் அதுவரை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பீடிக்காகவா நான் மாமிகிட்ட அத்தனை பேச்சு வாங்கினேன்?" என்றாள். அவள் கோபப்படுகிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"எடுத்துருங்க மேடம்" என்றார் சென்னியப்பன். "புள்ளைக்கு எடுத்து உட்ருங்க. நான் சம்மதிக்கிறேன்."

எடுப்பது பெரிய வேலை இல்லை. பதிவில் அந்தக் கை தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடித்து, அது முடிகிற இடம்வரை அழிக்க வேண்டும். மறுநாளே செய்தேன். ஏற்றிய கையை மாற்றினால் பயிற்சி வண்டியில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. அந்த வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக நான் அதை மிதித்ததில்லை. கை ஏற்றியவர்கள் மிதிக்க விடுவதில்லை.

ஏற்றத்தை ஏறினோம். ரஹ்மத் முகத்தில் ஒரு பரபரப்பு, ரிசல்ட் பார்க்கப் போகிற பிள்ளை மாதிரி. ஏற்றம் முடிந்தது. கை எழவில்லை.

"மேடம், எந்திரிக்கல!" என்று என் பக்கம் திரும்பினாள்.

வண்டி வேகம் குறையவில்லை. வளைவுக்குள் அப்படியே புகுந்தது. நடு ரோட்டில் தலையில் மாட்டுத் தீவனச் சோளத்தட்டுக் கட்டோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். தட்டு இருபக்கமும் தொங்கி அவள் கண்ணை மறைத்திருந்தது. நான் கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். டயர் கிறீச்சிட்டது. தட்டுக் கட்டு சரிந்து வண்டியின் மேல் விழுந்தது. அந்தப் பெண் விழவில்லை. அவளுக்கும் வண்டிக்கும் நடுவே கையை நுழைக்கலாம், அவ்வளவுதான் இடம் இருந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று அவள் கேட்டாள். இன்னும் நிறையக் கேட்டாள். எல்லாம் நியாயமான கேள்விகள். இருவரும் இறங்கித் தட்டைப் பொறுக்கிக் கட்டி அவள் தலையில் ஏற்றிவிட்டோம். ரஹ்மத் போட்ட முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அந்தத் தடுமாற்றம் சென்னியப்பனுடையது அல்ல.

வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகு அவள்தான் முதலில் பேசினாள். "கால் தூக்கல மேடம்."

"ஆமா. கையும் காலும் ஒரே நூல்ல இருந்திருக்கு. கையை உருவினதும் காலும் சேந்து வந்திருச்சு."

"காலை மட்டும் தனியா வெக்க முடியாதா?"

"பீடி அணையக் கூடாதுன்னு தூக்கின கால் அது. பீடி இல்லன்னா அது எதுக்குத் தூக்கணும்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பிரிக்க முடியாது."

"நானாவது பாத்திருக்கணும்." அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். தட்டுக் கட்டு ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. "நான் ரோட்டையே பாக்கல மேடம். கை எந்திரிக்குதா இல்லையான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடியும் நான் பாத்ததில்ல போல. எல்லாத்தையும் கை பாத்துக்கிச்சு. இது காலியா வந்ததால ஆச்சு. இதுவே என் வேனா இருந்து, பின்னாடி சீட்டுல பிள்ளைங்க இருந்திருந்தா?"

எட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தவர் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று என் உயிரை எடுத்தார். அப்போது அவரைத் திட்டினேன். நாங்கள் தொப்பியை மாட்டி அனுப்புகிறவர்களிடம் யாரும் எதையும் பார்க்கச் சொல்வதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் சும்மா இருப்பார்களா? பீடிக்கா இத்தனை நாள் கையைத் தூக்கினோம் என்று ஊரே வந்து என் மேசைமேல் கையை வைக்கும். அத்தனை பேர் கையிலிருந்தும் அதை உருவினால், இந்த வளைவில் தட்டுக் கட்டோடு நடக்கிறவர்களை யார் பார்ப்பது?

"திருப்பி ஏத்திருங்க" என்றாள் ரஹ்மத்.

"யோசிச்சு சொல்லுமா. வீட்டுல என்ன சொல்லுவே?"

"மாமிகிட்ட உள்ளதைச் சொல்லிருவேன், மாமிகிட்ட மட்டும். சாமின்னாதான் அவங்களுக்கு ஆகாது. பீடின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மாமா உயிரோட இருந்த வரைக்கும் பள்ளிவாசல் சுவத்துக்குப் பின்னாடி நின்னு அதைத்தானே குடிச்சாங்க." சற்று யோசித்தாள். "ஆனா சும்மா கையைத் தூக்க எனக்கு இஷ்டமில்ல மேடம். பாக்கெட்டுல ஏதாவது போட்டுக்கிறேன். எடுத்து வாயில வெச்ச மாதிரியாவது இருக்கும்."

அப்படித்தான் ஆயிற்று. காக்கிச் சட்டைப் பையில் புளிப்பு மிட்டாயைப் போட்டுக்கொண்டாள். ஏற்றம் முடிந்ததும் முதலில் வளைவை இருபக்கமும் தன் கண்ணால் பார்ப்பது, அப்புறம் கை எழுந்தால் மிட்டாயை எடுத்து வாயில் போடுவது என்று பழகிக்கொண்டாள். மாமி விஷயத்தைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாராம். ஜமாத்துக்காரர்களுக்கு மாமியே பதில் சொல்லிக்கொண்டார். துபாய்க்கும் அவரே பேசினார். பேனரைச் சென்னியப்பன் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு, காற்றில் கிழிந்துபோனதாகக் கமிட்டியிடம் சொன்னார். சாமி விஷயத்தில் அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.

அந்த வளைவை அளந்து பார்த்து, வேகத்தடை போடச் சொல்லி மேலே எழுதலாம் என்று ஒரு சாயங்காலம் நான் தனியாகப் போனேன். பாவாயி அங்கே இருந்தார். கல்லைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று நான் மனசுக்குள் முடிவு செய்வதற்குள் அவரே கேட்டார்.

"ஏனுங்க மேடம், பீடியைக் கண்டுபுடிச்சுட்டீங்களாமா?"

"அய்யா சொன்னாருங்களா?"

"சொன்னாரு. நேத்து என்ர காலைப் புடிக்காத கொறைதான். புதுசாச் சொல்ற மாதிரி சொல்றாரு." கையிலிருந்த மஞ்சளைக் கல்லில் தேய்த்தார். "அவரு சட்டையைத் தொவைக்கிறது நானுங்க. எனக்குத் தெரியாத பாக்கெட்டா?"

"அப்போ இது கும்பிடு இல்லன்னு உங்களுக்கு..."

"மொதல்ல இருந்தே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா இந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசுறீங்க?"

"நாந்தானுங்களே இதை நட்டது."

நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ர தங்கச்சி இந்த ஊருக்குத்தான் வாக்கப்பட்டு வந்தா. தோட்டத்துல இருந்து வர்றப்ப இந்த எடத்துலதான் அடிச்சுப் போட்டுட்டான். வடக்கத்தி லாரி. நம்ம ஊரு வண்டிக எல்லாம் மெதுவாப் போயிருதுங்க, என்ர ஊட்டுக்காரரு கை இருக்குது. அவனுக்கு அது ஏது? அவ போன பின்னாடி 'மெதுவாகச் செல்லவும்'னு ஒரு போர்டு வெச்சாங்க. எவனுங்க பாத்தான்? நானும் இங்க வந்து நின்னு நின்னு பாத்தேன். உள்ளூர்க்காரன் பூரா நெஞ்சைத் தொட்டுக்கிட்டு மெதுவாப் போறான். இங்க ஒரு கல்லு நின்னா வெளியூர்க்காரனும் அதைப் பாத்துத் தொட்டுக்குவான்னு தோணுச்சு. தோட்டத்துல கெடந்த கல்லைத் தூக்கியாந்து நட்டுட்டேன்."

"உள்ளதைச் சொல்லியே மெதுவாப் போகச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"பீடின்னு சொன்னா எவனுங்க மெதுவாப் போவான்?"

சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். வேகத்தடைக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதுங்க, அது வர்ற வரைக்கும் இது இருக்கட்டும் என்றார். நான் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன்.

ஏற்றத்தில் பள்ளி வேன் வருகிற சத்தம் கேட்டது. வேகம் குறைந்தது. ரஹ்மத் இந்தப்பக்கம் பார்த்தாள், அந்தப்பக்கம் பார்த்தாள். கை பாக்கெட்டுக்குப் போய் உதட்டுக்கு வந்தது. எங்களைப் பார்த்ததும் வாயில் மிட்டாயோடு சிரித்தாள்.

வேன் எங்களைத் தாண்டியபோதுதான் ஜன்னல்களைப் பார்த்தேன். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாரும் இந்தப்பக்கம் ஒரு தடவை, அந்தப்பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பினார்கள். சின்னச் சின்னக் கைகள் நெஞ்சைத் தொட்டு உதட்டுக்குப் போயின. யார் கையிலும் மிட்டாய் இல்லை.

"அட, இதுகளுக்குமா கை ஏத்திப்போட்டீங்க?" என்றார் பாவாயி.

"இல்லீங்கக்கா. கை ஏத்துறதுக்கு இதுகளுக்கு இன்னும் வயசாகல" என்றேன்.